திருவான்மியூர் மெழுகு ஓவியர்: வாங்கலாமா, வகுப்புக்குப் போகலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரம். மரப்பலகையில் செய்த இவருடைய மெழுகு ஓவியங்களை வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் போனில் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி வாங்காதீர்கள். நேரில் போய், பலகைக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சின்னப் பலகைகள்தான் இவருடைய பலம், பெரியவற்றுக்கு அவசரப்பட வேண்டாம். சனிக்கிழமை வகுப்பு நன்றாக இருக்கிறது, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் யோசித்துப் போகவும்.

ஓவியர் இருப்பது திருவான்மியூரில். மாடியில் பட்டறை, கீழே வீடு, அதனால் பெயரையும் தெருவையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். 1850-ல் தொடங்கிய நம் கவின்கலைக் கல்லூரியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறதே, அங்கே படித்தவர். வருகிறவர்கள் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். வருடக்கணக்கில் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்தவர், இப்போது முழுக்க மெழுகுதான். உருவம் எதுவும் கிடையாது, எல்லாமே அரூப ஓவியங்கள். மரப்பலகையில் உருகிய மெழுகு வண்ணத்தைப் பூசி, சூடுகாட்டி, சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி எடுப்பது.

மெழுகு நம் ஊர்க் கலைக்குப் புதிது இல்லை என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித்தான் சிலைக்கு முதல் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வழியவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் பார்த்து நிற்கிற நடராஜர்கள் எல்லாம் இந்த மெழுகு வார்ப்பு முறையில் வந்தவர்கள்தான். அப்புறம் பாத்திக், அதாவது சாயம் ஒட்டக்கூடாத இடத்தில் மெழுகைப் பூசித் துணிக்குச் சாயம் ஏற்றுகிற முறை. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியத்தை வாங்க ஆள் இல்லாத காலத்தில், அவர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும்தான். அங்கேயும் மெழுகுதான் வேலை செய்தது, ஆனால் சாயம் ஏறியதும் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். இரண்டிலும் கடைசியில் மெழுகு போய்விட வேண்டும், போனால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அக்கா செய்கிற வேலையில் மெழுகு கடைசிவரை இருக்கிறது, படமே அதுதான். அதற்கு ஒரு கனம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, வாசனைகூட இருக்கிறது. போன் கேமராவில் இது எதுவுமே வராது, தட்டையான ஒரு கலர்ப் படம்தான் வரும். நேரில் போங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

போனவுடன் தெரிவது அந்த வாசனைதான். மாடிப்படி ஏறும்போதே தேன் மணம் வந்துவிடும். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடமிருந்து மெழுகை வாங்கி, உருக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, பாளம் பாளமாக ஊற்றி வைத்திருக்கிறார். அதோடு டாமர் பிசின் சேர்க்கிறார், தென்கிழக்கு ஆசியக் காட்டு மரங்களிலிருந்து வருவது, நம் நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்துக்கு நெருங்கிய சொந்தம். பொதுவான கணக்கு எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின். சென்னை வெயிலுக்காக இவர் பிசினைக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார். பிசின் கூடினால் மேற்பரப்பு கெட்டிப்படும், ஒரு அளவைத் தாண்டினால் நொறுங்க ஆரம்பிக்கும், அந்த அளவைக் கண்டுபிடிக்க நிறைய பலகைகளைப் பாழாக்கியிருக்கிறார். வண்ணத்துக்குப் பொடி நிறமிகள்: காவி, செம்மண், அல்ட்ராமரின் நீலம், கரி. வெளுக்காத மெழுகு இயல்பிலேயே மஞ்சள் என்பதால் அதில் நீலத்தைப் போட்டால் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும், அதனால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் வெளுத்த மெழுகைத் தனியாக வைத்திருக்கிறார்.

கடையில் கிடைக்கிற மெழுகுவர்த்தி மெழுகு பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதில் செய்தால் காலப்போக்கில் வெடிப்பு விடும். மெழுகு ஓவியம் என்று சொல்லி பாரஃபினில் செய்ததையும், எபாக்ஸி ரெசின் ஊற்றிப் பளபளக்க வைத்ததையும்கூடச் சிலர் விற்கிறார்கள். வேறு யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் என்ன மெழுகு, என்ன பிசின், என்ன பலகை என்று மூன்றையும் கேளுங்கள். கேன்வாஸ் துணியில் நேரடியாகச் செய்தது என்றால் வேண்டாம், துணி ஆடும், மெழுகு விரிசல் விடும். இவர் மரைன் ப்ளைவுட்டில் செய்கிறார், அதுவும் அக்ரிலிக் ப்ரைமர் பூசாமல், வெறும் மரத்திலேயே. மரம் மெழுகை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அக்ரிலிக்மேல் அந்தப் பிடிமானம் கிடைக்காது.

சரி, எல்லாரும் கேட்கிற கேள்வி: நம் ஊர் வெயிலில் உருகாதா?

உருகாது. தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிசின் சேர்ந்தால் அது இன்னும் கொஞ்சம் ஏறும். சென்னையில் பதிவான உச்ச வெயிலே 2003 மே 31 அன்று அடித்த 45 டிகிரிதான், அதுவும் வெளியில், உங்கள் வீட்டு ஹால் சுவரில் இல்லை. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த மம்மி முகங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் மெல்லிய மரப்பலகையில் வரைந்தவை. அவற்றில் நிறைய இதே மெழுகு வண்ணம்தான், இன்றைக்கும் கண் இமை ஒவ்வொன்றும் தெரிகிறது. வறண்ட மண்ணுக்குள் புதைந்து கிடந்ததும் ஒரு காரணம், அதையும் சொல்லவேண்டும். ஆனால் உருகிவிடும் என்கிற பயத்தை விட்டுவிடலாம். நம் கடற்கரை ஈரக்காற்றுக்கு மெழுகு இன்னும் நல்லது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், கண்ணாடி போட்ட பிரிண்டுகள் நாலு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மெழுகு ஈரத்தை உள்ளே விடாது.

பயப்படவேண்டியது இரண்டு இடத்தில். ஒன்று, ஜன்னல் வெயில் நேராக விழுகிற சுவர். இன்னொன்று கார். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டு 70 டிகிரி வரை போகும், அதில் பலகையை வைத்துவிட்டு ஹோட்டலில் சாப்பிடப் போனீர்கள் என்றால் அவ்வளவுதான். வாங்கினால் நேராக வீட்டுக்குப் போங்கள். 40 டிகிரியைத் தாண்டும்போது மெழுகு உருகாவிட்டாலும் இளகும், அப்போது எதுவாவது அழுத்தினால் தடம் விழும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை இவர் யாருக்கும் டெலிவரி அனுப்புவதில்லை, அது சரியான முடிவு.

இப்போது ஓவியங்களுக்கு வருகிறேன். நான் வாங்கியது ஓரடிச் சதுரப் பலகை. முன்னால் நின்று பார்த்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு மங்கல், நடுவில் இடதுபக்கமாகச் சிவப்பு ஒரு கீற்று, வேறொன்றும் பெரிதாகத் தெரியாது. போனில் இதைப் பார்த்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். காலை வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்போது பாருங்கள். காய்ச்சிய பாலில் ஏடு படிந்தமாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மெழுகுப் படலங்கள், அவற்றுக்கு நடுவே வெவ்வேறு ஆழத்தில் பழைய பஞ்சாங்கத் தாளின் துண்டுகள். ராகு கால அட்டவணையின் ஒரு பத்தி, அதில் பாதி எண்கள் மேலே இருக்கின்றன, பாதி இன்னும் கீழே மங்கிக் கிடக்கின்றன, 7-ம் 30-ம் தெளிவாக இருக்கின்றன, அதற்கடுத்த எண் என்ன என்று தெரியவே தெரியாது. அந்தச் சிவப்புக் கீற்று மேலே தீட்டியது இல்லை என்பது கிட்டத்தில் போனால்தான் புரியும். அடியில் பலகை முழுக்கச் செங்காவி இருக்கிறது, மேலே இருந்த அத்தனை படலத்தையும் ஒரே இடத்தில் கத்தியால் சுரண்டி அதை வெளியே கொண்டுவந்திருக்கிறார். சுரண்டிய விளிம்பில் ஒவ்வொரு படலமும் நூல் கனத்துக்கு வரிசையாகத் தெரிகிறது, கறுப்பு, மஞ்சள், நிறமில்லாத மெழுகு, மறுபடி மஞ்சள்.

இன்னொன்று, பலகையின் ஓரத்தைப் பார்க்க மறக்காதீர்கள். பூசும்போது வழிந்து உறைந்த சொட்டுகளை இவர் துடைப்பதில்லை. எந்த வண்ணம் முதலில் வந்தது, எதை மூடி எது வந்தது என்று அந்த ஓரத்திலேயே படித்துவிடலாம். எனக்கு முகப்பைவிட அந்த ஓரத்தை அதிகம் பிடித்திருக்கிறது. படத்தை மாட்டியபோதுகூட வாசல் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஓரம் முதலில் தெரிகிறமாதிரிதான் மாட்டினேன்.

இவருடைய திறமை பூசுவதில் இருப்பதைவிட எடுப்பதில் இருக்கிறது, இது என் கருத்து. வண்ணம் சேர்க்க நிறையப் பேருக்குத் தெரியும். எங்கே சுரண்ட வேண்டும், எவ்வளவு ஆழம், எப்போது கையை நிறுத்தவேண்டும் என்பது இவருக்குத் தெரிகிறது. அதனால்தான் பெரிய பலகைகளைப் பற்றி எனக்குக் குறை இருக்கிறது. நாலடி, ஐந்தடி அகலத்தில் பல பலகைகளைச் சேர்த்துச் செய்தவற்றில் சுரண்டலே குறைவு. மயில்கழுத்து நிறமும் தங்கத் தாளும் தூக்கலாக இருக்கின்றன, பளபளவென்று மெருகு ஏற்றியிருக்கிறார். இன்டீரியர் செய்பவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம், அதிலிருந்து வருகிற பணத்தில்தான் சின்னப் பலகைகளை நிதானமாகச் செய்ய முடிகிறது என்றார். அது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் காசைப் போடுவது எதில் என்று கேட்டால், தங்கத் தாள் போட்டதில் போடாதீர்கள்.

உருவமே இல்லாத படத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள், எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். சென்னைக்கு இது அந்நியமான விஷயம் இல்லை என்றுதான் சொல்வேன். நம்மில் பலருக்கு ஓவியர் ஆதிமூலத்தைக் கோட்டோவியமாகத்தான் தெரியும், காந்தி வரிசை, பத்திரிகைக் கதைகளுக்கு வரைந்த படங்கள். அதே ஆதிமூலம் பிற்காலத்தில் கத்தியால் எண்ணெய் வண்ணத்தை இழுத்து முழு அரூப ஓவியங்கள் செய்தவர். 2022-ல் மறைந்த ஓவியர் அச்சுதன் கூடல்லூர் வாழ்நாளில் பெரும்பகுதியை இதே ஊரில் வெறும் நிறத்தோடு கழித்தவர். அவர்கள் பெயரை இங்கே இழுப்பது இவரை அவர்களோடு ஒப்பிட இல்லை. இந்த ஊரில் இதைப் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கின்றன, நாமும் பழகலாம் என்று சொல்லத்தான். என் அத்தை, படிப்பு ஐந்தாம் வகுப்பு, அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “பழைய வீட்டுச் சுவர்ல வெள்ளையடிச்சது பேந்தா உள்ள பழைய கலர் தெரியுமே, அதைச் செஞ்சிருக்காங்க போல” என்றார். அதற்குமேல் விளக்கம் கொடுக்க எனக்கு எதுவும் இல்லை.

விலை. எட்டங்குலச் சதுரம் 9,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, ஓரடி 18,000, பெரியவை லட்சத்தைத் தாண்டும். எந்தப் படத்திலும் விலை ஒட்டவில்லை, கேட்டால்தான் சொல்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள், ஒரு தாளில் அச்சடித்து வாசலில் வைத்துவிடலாம். பேரம் கிடையாது, ஆனால் இரண்டு மூன்று தவணையாகக் கொடுக்க ஒத்துக்கொள்கிறார். பின்பக்கத்தில் கையெழுத்து, வருடம், என்னென்ன பொருள் போட்டார் என்பதெல்லாம் பென்சிலில் எழுதித் தருகிறார், ரசீதும் உண்டு. விலை அதிகமா? ஒரு ஓரடிப் பலகைக்கு முப்பது நாற்பது படலம், ஒவ்வொன்றையும் சூடுகாட்டிக் கீழே இருப்பதோடு இணைக்கவேண்டும். மெழுகும் பிசினும் விலை ஏறிப்போய்க் கிடக்கின்றன. எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வாங்கிய பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் இவர்மேல் மரியாதை கூடியது. ஃப்ரேம் போட ஒரு கடையில் கொடுத்தேன், கடைப் பெயர் வேண்டாம். முகப்பைக் கீழே கவிழ்க்கக் கூடாது, பபுள் ராப் நேராகப் படக்கூடாது, மெழுகுத்தாள் போட்டுத்தான் சுற்றவேண்டும், கண்ணாடி வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுத்த சீட்டையும் கூடவே கொடுத்தேன். அவர்கள் சீட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, முகப்பில் பபுள் ராப் சுற்றி, கவிழ்த்துப் போட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். கூடவே மதிய வெயில். பிரித்துப் பார்த்தால் வலதுமூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்ட வட்டமாகத் தடம். கடைக்காரர் அது முன்னாடியே இருந்தது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. பலகையை மேசைமேல் படுக்க வைத்து, சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, மெதுவாக அந்த மூலையில் மட்டும் காட்டினார். மேற்பரப்பு கொஞ்சம் பளபளத்ததும் சட்டென்று எடுத்துவிட்டார், குமிழ்த் தடம் அத்தனையும் போய்விட்டது. அந்த இடத்தில் மங்கலாகிவிட்ட ஒரு கோட்டைக் கத்தியால் திரும்பக் கீறி, எண்ணெய் வண்ணக் குச்சியைத் தேய்த்துத் துடைத்தார், கீறலுக்குள் மட்டும் கறுப்பு நின்றது. காசு கேட்டதற்கு, “இது என் வேலைங்க, உங்க தப்பு ஒண்ணும் இல்லையே” என்றார். மெழுகுக்கு இது பெரிய சௌகரியம், எண்ணெய் ஓவியத்தில் இப்படி ஒரு காயம் பட்டிருந்தால் சுலபத்தில் சரிசெய்ய முடியாது. ஃப்ரேமுக்கு இப்போது அவர் கைகாட்டுகிற தச்சரிடமே கொடுக்கிறேன், பலகையைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட்டுச் சட்டம் அடிப்பவர், ஓரம் மறையாது.

பராமரிப்பு அதிகம் இல்லை. முதல் ஆறு மாதம், சிலதில் ஒரு வருடம், மேலே வெள்ளையாக ஒரு பூப்பு வரும். பூஞ்சை என்று பயப்படவேண்டாம், மெழுகு இறுகும்போது அப்படித்தான். மெல்லிய பருத்தித் துணியால், வெயில் இல்லாத நேரத்தில், லேசாகத் தேய்த்தால் போய்விடும், தேய்க்கத் தேய்க்க மினுமினுப்பும் ஏறும். தண்ணீர், ‘காலின்’ மாதிரி கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் படக்கூடாது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாமி விளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

வகுப்பு சனிக்கிழமை காலை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும். ஏன் என்றால் வேலை நடக்கும்போது மின்விசிறி போடமுடியாது, போட்டால் தூரிகையிலிருந்து பலகைக்குப் போவதற்குள் மெழுகு உறைந்துவிடும். ஆறு பேர், மின்சாரச் சூட்டுத்தட்டு இரண்டு, அதன்மேல் தகரக் குவளைகளில் வண்ணங்கள். 3,500 ரூபாய், பொருள் எல்லாம் அதிலேயே அடக்கம், செய்த பலகை நமக்கே. தட்டின் சூட்டை 90 டிகிரியைத் தாண்டவிடாமல் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதற்குமேல் போய்ப் புகைய ஆரம்பித்தால் அந்தப் புகை நெஞ்சைக் கரிக்கும், கெடுதல். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, இருந்தாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பொடி நிறமியைத் தொட விடமாட்டார், கலந்து கட்டியாக்கிய வண்ணம்தான் நம் கைக்கு வரும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே குழந்தைகளைச் சேர்ப்பதில்லை.

சொல்லித்தருவது தெளிவாக இருக்கிறது. பன்றிமுடித் தூரிகை மட்டும்தான், நைலான் என்றால் சூட்டில் சுருண்டுவிடும். ஒரு படலம், சூடு, ஆறவிடு, அடுத்த படலம். சூடுகாட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே ஒரு துண்டில் செய்துகாட்டி, நகத்தால் நெம்பி ஏடாக உரித்துக் காட்டினார், அந்த ஒரு செய்முறைக்கே காசு தகும். ஒரு குறை: கடைசி அரைமணி நேரம் சுரண்டலுக்கு என்று ஒதுக்குகிறார், அது போதவே இல்லை. அவருடைய வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் நாலு பேர் கேட்டால் வைப்பார்.

பார்க்கப் போவதாக இருந்தால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள், மாடியில் கிழக்கு ஜன்னல், வெளிச்சம் பக்கத்திலிருந்து வருகிறது. டியூப் லைட்டில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தெரு குறுகல், கார் நிறுத்த இடமில்லை, ஆட்டோவிலோ டூவீலரிலோ போவது நல்லது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள், “உள்ளங்கையால தடவுங்க, நகம் மட்டும் படாம பாத்துக்குங்க” என்று அவரே ஒரு பலகையை எடுத்துக் கையில் கொடுப்பார். எண் வேண்டும் என்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.